படல்காரி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை என்னுடையது அல்ல. மாடி வீட்டுப் பெண் தன் கல்லூரித் தோழிகள் மூன்று பேரோடு இறங்கி வந்து அதைப் பிடித்துக்கொள்கிறாள். எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள், பென்சிலில் வரைந்த ஒரு தேசத்தின் படம், நடுவில் நான் வைக்கிற முறுக்குத் தட்டு. ஆட்டத்தில் ஒருத்தி மந்திரக்காரி, ஒருத்தி வில்லாளி, ஒருத்தி திருடி. மாடி வீட்டுப் பெண் மட்டும் எதுவுமில்லை. ஆட்டத்தை நடத்துகிறவள் அவள்.

போன வாரம் மற்றவர்கள் வருவதற்கு முன்பே நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, எனக்கு ஒரு ஆள் வேணும். இவங்க யாரும் ஆடாத ஆள். வழியில நிப்பாங்க, பேசுவாங்க, உதவுவாங்க, இல்லேன்னா கெடுப்பாங்க. அவங்களுக்காக நான்தான் பேசணும். ஆனா எப்படிப் பண்ணினாலும் நான் பேசற மாதிரியேதான் இருக்கு."

நம் வயதுக்காரர்களிடம் இப்படி ஒருத்தி வந்து கேட்டால் என்ன சொல்வோம்? போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்போம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பத்து வயதில் நான் அப்படி ஓர் ஆளை உண்டாக்கியிருக்கிறேன். எழுபதுகளில், ஒரு சித்திரை மாதத்தில், மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில், உடம்பு முழுக்க அம்மை முத்தோடு. அந்த ஆள் பேசிய ஒரே ஒரு பேச்சில் ஒரு பெண் போக வேண்டிய வழி மாறிப்போனது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நீங்களும் வேப்பிலைப் படுக்கையில் கிடந்து எழுந்தவர்கள்தானே.

அம்மை வந்தால் அன்றைக்கு மருந்து கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். வந்திருப்பது நோய் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பங்கொத்து ஏறிவிட்டால் ஊரார் யாரும் உள்ளே வர மாட்டார்கள். வீட்டில் தாளிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் நின்றுபோனால் ஒரு வீடு எவ்வளவு அமைதியாகிவிடும் என்பதை அந்தச் சித்திரையில்தான் தெரிந்துகொண்டேன். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது. சொல்லாமல்தான் போக வேண்டும். சொல்லிவிட்டுப் போனால் ஆத்தாவும் போய்விட்டுத் திரும்பி வருவாளாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. முந்தின வாரம்வரை எருமை, கழுதை என்றெல்லாம் திட்டிய அப்பா, அறை வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று "தாயி, மோர் வேணுங்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆத்தாவிடம் பேசுகிறார், என்னிடம் பேச ஆளில்லை. அம்மா ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள், அதனால் அவள் கிட்டே வரக் கூடாது. தம்பியை முதல் நாளே, அம்மாவைப் பெற்ற அம்மாயி ஊட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடலைக்காய் மூட்டை போட்டு வைக்கிற அறையைக் காலி செய்து, கட்டில் போட்டு வெள்ளை வேட்டி விரித்து, வேப்பிலை பரப்பி என்னைக் கிடத்தினார்கள். அந்த அறையில் மண்ணும் கடலைத்தோலும் கலந்த வாசனை போகவே இல்லை. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே விழுகிற வெயில், கையகலச் சதுரமாகச் சுவரில் ஏறி, மத்தியானம் தரைக்கு இறங்கி, சாயங்காலம் எதிர்ச்சுவரில் ஏறிப் போய்விடும். எனக்குத் தெரிந்த நடமாட்டம் அவ்வளவுதான்.

உள்ளே வந்து போன ஒரே ஆள் என் அத்தை. அப்பாவின் தங்கை. அவளுக்குச் சிறு வயதிலேயே அம்மை கண்டு போயிருந்தது. அவளும் அந்த வீட்டில் என்னைப் போல ஓர் ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தவள்தான். பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம். தை மாதம் ஒரு நாள் ஒரு தகரப் பெட்டியோடு தனியாக பஸ்ஸை விட்டு இறங்கி வந்துவிட்டாள். ஏன் என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இடது முழங்கைக்கு மேலே, பின்பக்கமாக, தோசைத் திருப்பி அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. அடுப்பில் சுட்டுக்கொண்டதாகச் சொன்னாள். கைக்குப் பின்பக்கம் எந்த அடுப்பு சுடும் என்று பத்து வயசுக்காரிக்கே தோன்றியது. பெரியவர்களுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. தோன்றியதைப் பேசினால் ஏதாவது செய்தாக வேண்டும், அதனால் பேசவில்லை.

அந்த வீட்டில் என்னை "அம்மிணி" என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

"அத்தை, எல்லாரும் தாயீங்கறாங்க. நீங்க மட்டும் ஏன் சொல்லறதில்லீங்?"

"நீ எனக்கு அம்மிணிதானொ. ஆத்தா வந்தா அவ பாட்டுக்கு ஒரு பக்கம் உக்காந்துக்கட்டும்."

ஆட்டம் நான்காம் நாள் தொடங்கியது. சொறியக் கூடாது என்று என் கையைக் கட்டாத குறைதான். கை சும்மா இருக்கட்டும் என்று அத்தை ஐந்து புளியங்கொட்டை கொண்டுவந்தாள். வாசல் கல்லில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தாள். கொஞ்ச நேரம் தாயம் ஆடினோம். இரண்டு பேர் எத்தனை நேரம் தாயம் ஆடுவது? எனக்குச் சலித்துவிட்டது. அடுப்புக்கரித் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, கட்டிலை ஒட்டிய சுண்ணாம்புச் சுவரில் கோடு இழுத்தேன். கோடு வழியானது. வழிக்கு இந்தப் பக்கம் நடக்கிற பனைமரங்கள், அந்தப் பக்கம் வானத்தைப் போட்டு மூடி வைத்த கிணறு, அதற்கப்பால் ஏழு மலை.

"அத்தை, நீங்க யாரு? இந்த வழியில போற ஆளு யாரு?"

"குதிரைக்காரி," என்றாள். "எனக்குன்னு ஒரு குதிரை. வேற ஆரும் இல்லை."

"எங்கீங் போறீங்?"

"ஏழாவது மலைல ஒரு ஊடு காலியாக் கெடக்குது. சாவி எங்கிட்ட இருக்குது."

"அங்க போயி?"

"உள்ளார போயிக் கதவைச் சாத்தீட்டுத் தூங்குவேன்."

எனக்கு இது சப்பென்று இருந்தது. ராட்சசனைக் கொல்வேன், புதையல் எடுப்பேன் என்று சொல்ல வேண்டாமா? ஆனால் அவள் சொன்னதை மாற்றவே மாட்டேன் என்றாள். சரி என்று நடத்தினேன். காலை வெயில் முதல் மலையைத் தொட்டதும் ஆட்டம் ஆரம்பிக்கும். பனைமரம் வழி மறிக்கிறது, என்ன செய்வீர்கள்? கிணறு திறந்துகொண்டது, எட்டிப் பார்ப்பீர்களா, மாட்டீர்களா? அவள் சொல்லச் சொல்ல நான் அடுத்தது சொல்வேன். முத்து அரிப்பதே மறந்துபோகும்.

இரண்டு நாளில் ஒரு கோளாறு தெரிந்தது. அத்தை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மிணி, பனைமரமும் நீதான், கெணறும் நீதான், பாம்பும் நீதான். எல்லாம் நீ நெனக்கறதுதான நடக்குது? நான் பாவம்னு நீயும் எல்லாத்தையும் உட்டுப்புடறே. இதுல என்ன இருக்குது?"

உண்மைதான். நான் அவளை எங்கேயும் தோற்க விடவில்லை. அவள் போய்விடுவாளோ என்று பயம்.

அதற்காக உண்டாக்கியவள்தான் படல்காரி. வேலியில் ஆடுமாடு நுழையாமல் முள்ளும் மூங்கிலும் வைத்துக் கட்டுகிற படல் தெரியுமல்லவா, அதைத் திறந்து சாத்துகிறவள். கடலைக்காய் மூட்டையோடு அப்பாவின் வண்டியில் போகும்போது செக்போஸ்ட்டில் கம்பம் ஏறுவதற்காகக் காத்திருந்திருக்கிறேன். அது எப்போது ஏறும், எதனால் ஏறும் என்று எனக்கு விளங்கியதே இல்லை. அந்த மாதிரி ஒருத்தி வேண்டும் என்று நினைத்தேன். நானும் இல்லாமல், அத்தையும் இல்லாமல், மூன்றாவதாக ஒருத்தி.

அவளை உண்டாக்க முழுதாக ஒரு நாள் ஆனது. கேள்வி கேட்டது அத்தை.

"எத்தனை வயசு?"

"நூத்தி எட்டு."

"அத்தனை வயசுக்காரி என்ன திம்பா? பல்லு இருக்குதா?"

"ஒரே ஒரு பல்லு. உப்புப் போட்ட மாங்காய் மட்டுந்தான் திம்பா. வேற எது குடுத்தாலும் துப்பீருவா."

"குரலு?"

செய்து காட்டினேன். தொண்டையை அடியில் வைத்து, கரகரவென்று, மூச்சை இழுத்து இழுத்து. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் புல்லரித்தது. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியாது.

"எதுக்குப் பயப்படுவா?"

"ஆந்தைக்கு."

"அது செரி, எல்லாருந்தான் பயப்படறாங்க. அவ எதுக்கு அங்கயே நிக்கறா? ஆருக்காகக் காத்துட்டிருக்கா?"

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம், பிற்பாடு அவளே சொல்வாள் என்றாள் அத்தை. மாடி வீட்டுப் பெண்ணுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான். உனக்கே தெரியாத ஒன்றை அந்த ஆளிடம் மிச்சம் வை.

பிறகு அத்தை ஒரு சட்டம் போட்டாள். படல்காரி என்ன சொல்வாள் என்பதை நான் சொல்லக் கூடாது. கொட்டை சொல்ல வேண்டும். ஐந்தையும் உருட்ட வேண்டும். ஐந்தும் வெள்ளை விழுந்தால் படலைத் திறப்பாள். வெள்ளையும் கறுப்புமாக விழுந்தால் ஏதாவது ஒரு பொருள் கேட்பாள், கொடுத்தால் மறுநாளும் உருட்டலாம். ஐந்தும் கறுப்பு விழுந்தால் "வந்த வழியே போ" என்பாள். குதிரைக்காரி திரும்பிப் போய்விட வேண்டும், ஆட்டம் முடிந்தது.

"கொட்டை என்ன சொல்லுதோ அதைத்தான் சொல்லோணும். நான் அழுதாலும் மாத்திச் சொல்லப்படாது. சத்தியம் பண்ணு."

கையிலடித்துச் சத்தியம் செய்தேன். சந்தோஷமாகத்தான் செய்தேன். தனியாகக் கிடக்கிறவளுக்கு, தன் மனசில் இல்லாததைப் பேசுகிற ஓர் ஆள் அறைக்குள் இருப்பது எவ்வளவு பெரிய துணை என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அத்தை வேலைக்குப் போயிருக்கும்போதெல்லாம் கொட்டையை உருட்டிவிட்டுப் படல்காரியோடு பேசிக்கொண்டிருந்தேன்.

முதல் உருட்டலில் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. "உப்பு மாங்காய் கொண்டா!" என்று படல்காரி குரலில் கத்தினேன். அத்தை விளையாட்டாக வெறும் கையை நீட்டினாள். கதவுக்கு வெளியே ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், வாசற்படியில் வாழையிலை. அதில் நிஜமான மாங்காய்க் கீற்று, உப்பு, பக்கத்தில் சூடம். அம்மா தூரத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மை கண்ட வாய்க்கு மாங்காய் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வாரம் உப்பில்லாத கூழுக்குப் பிறகு? இரண்டு பேரும் பங்கு போட்டுத் தின்றோம். தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் சிவப்புக் கண்ணாடி வளையல் கேட்டாள் படல்காரி. வந்தது. அதற்கு மறுநாள் வெல்லம் கேட்டாள். அதுவும் வந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி வாசலோடு நின்று வேப்பிலைத் தண்ணீர் தெளித்துவிட்டு, "ஆத்தா வாயத் தொறந்து கேக்கறா. கேட்டதைக் குடுத்துப்போடுங்க. கோவிச்சான்னா கண்ணுல எறங்கீருவா," என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. என் வலது இமையில் ஏற்கெனவே ஒரு முத்து இருந்தது. கண் வீங்கி மூடிக் கிடந்தது. பூசாரி போன பிறகு அத்தை சிரிக்கவில்லை. ஈரத்துணியால் அந்தக் கண்ணை வெகுநேரம் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"படல்காரி இன்னைக்கு ஒண்ணும் கேக்க வேண்டாம் அம்மிணி. மெதுவாப் பேசலாம்," என்றாள்.

அந்த வாரம்தான் பொள்ளாச்சியிலிருந்து, அத்தையின் புருஷனுக்குச் சொந்தமான ஓர் ஒறம்பரைக்காரர் வந்தார். வேப்பங்கொத்தைப் பார்த்து உள்ளே வராமல் தென்னை மரத்தடியிலேயே நின்று அப்பாவிடம் பேசினார். காற்று எங்கள் பக்கம் அடித்தது. இந்த மாசத்துக்குள் அனுப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்த்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை அப்போது எனக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். டம்ளர் கொஞ்சமும் ஆடவில்லை.

"போகப் போறீங்களா அத்தை?"

"படல்காரி தொறந்தாப் போறேன்," என்றாள். "ஏழாவது மலைக்கு."

அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பிற்பாடு அம்மா சொன்னாள். தங்கையை அனுப்பவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் தைரியமில்லை. ஊரில் நான்கு பேர் கேட்பார்கள், பிறக்கப்போகிற குழந்தைக்கு நாளைக்கு ஒரு நல்லது நடக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்திருப்பார். நல்ல மனுஷர்தான். முடிவை எடுக்க மட்டும் வேறு யாராவது வந்தால் தேவலை என்று நினைக்கிற நல்ல மனுஷர்.

வெள்ளிக்கிழமை காலை. வெயில் சதுரம் அப்போதுதான் முதல் மலையைத் தொட்டிருந்தது. நான் கொட்டையைக் கையில் எடுத்திருந்தேன். அத்தை கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. அப்பா தலையோடு குளித்து, ஈர வேட்டியோடு, தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், கிட்டே வராமல், அம்மா.

"ஆத்தா, மகமாயி," என்றார். "எம் பொறந்தவளை அவ ஊட்டுக்கே அனுப்பி வெக்கட்டுமா, இங்கயே வெச்சுக்கட்டுமா? எனக்கு ஒண்ணும் புடிபடலை. நீயே ஒரு வாக்குச் சொல்லு. நீ சொன்னபடி செய்யறேன்."

எனக்கு எல்லாம் புரிந்தது. புரியாமல் சொல்லிவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். என்ன கேட்கிறார், யாரிடம் கேட்பதாக நினைக்கிறார், என்ன சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லாமே தெரிந்தது. "இங்கயே இருக்கட்டும்" என்று இரண்டு வார்த்தை. அந்தக் குரலில் சொல்லியிருந்தால் போதும், அப்பா அந்த இடத்திலேயே சூடத்தை அடித்துச் சத்தியம் செய்திருப்பார்.

ஆனால் என்னிடம் கேட்கவில்லையே. ஆத்தாவிடம் கேட்டார். ஆத்தா என் கண்ணில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பேரைச் சொல்லி என் இஷ்டத்துக்குப் பேசினால் கண்ணைப் பிடுங்கிக்கொள்வாள் என்று பயந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே நியாயமான வழி, அத்தை போட்ட சட்டம். நான் சொல்லக் கூடாது, கொட்டைதான் சொல்ல வேண்டும்.

வெள்ளை வேட்டியின் மேல் உருட்டினேன்.

ஐந்தும் கறுப்பு. அத்தனை நாளில் ஒரு தடவைகூட அப்படி விழுந்ததில்லை. திறந்திருந்த ஒரு கண்ணால் திரும்பத் திரும்ப எண்ணினேன். அத்தையும் பார்த்தாள். அந்தச் சட்டம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே. அவள் என்னைப் பார்த்தாள். நான் அழுதாலும் மாற்றிச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியவள் அவள். அவள் அழவும் இல்லை.

"வந்த வழியே போ," என்றேன். படல்காரி குரலில்தான் வந்தது.

அப்பா தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது நிம்மதி. அதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"இது ஆட்டம், அண்ணா. புள்ளை வெளையாடுது. மாங்காய் கேட்டதும் வளையல் கேட்டதும் வெளையாட்டுத்தான்" என்று அத்தை சொல்லியிருக்கலாம். சொல்லுவாள் என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து ஐந்து கொட்டையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏன் சொல்லவில்லை என்று புரிய எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. சொன்னால் ஆத்தா பெயரில் ஏமாற்றியவள் நான் ஆவேன். பூசாரி சொன்னதை அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நாளைக்கு என் கண் போனால், பழி பத்து வயசுப் பிள்ளையின் தலையில் விழும். அவள் வாயை மூடிக்கொண்டு எனக்காகப் போனாள்.

அன்று முழுவதும் அவள் ஆட வரவில்லை. மறுநாள் மத்தியானம் எனக்கு மோர் ஊற்றிக் கொடுத்து, தலையைத் தடவினாள். வெளியே வாசல் கல்லில் வெகுநேரம் எதையோ தேய்க்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போனேன். எழுந்தபோது வெயில் சதுரம் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. "அத்தை" என்று கூப்பிட்டேன். அம்மை கண்ட வீடு, சொல்லிக்கொள்ளாமல்தானே போக வேண்டும். பதிலுக்கு அம்மாவின் குரல் வந்தது, தூரத்திலிருந்து. "என்ன வேணுங் தாயி?"

அடுத்த ஐந்து நாளை எப்படிக் கழித்தேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. சுவரில் ஏழு மலையும் இருந்தன. போகிற ஆள் இல்லை. கொட்டையும் இல்லை. கொட்டை இல்லாமல் படல்காரி பேச மாட்டாள். ஒரு தடவை அந்தக் குரலை முயன்று பார்த்தேன். என் குரல்தான் வந்தது.

இமை முத்து உடைந்து வடிந்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசி என்னை வெளியே உட்கார வைத்தார்கள். வேலைக்காரர் ஒருவர் சுண்ணாம்பு வாளியோடு அறைக்குள் போனார். நடக்கிற பனையும் வானத்தை மூடிய கிணறும் ஏழு மலையும் இரண்டு பூச்சில் போயின. அம்மா அன்றுதான் முதன்முதலாகக் கடுகு தாளித்தாள், வீடெல்லாம் மணந்தது. என்னைப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டாள். அந்தப் பெயர் வேறு யாருடையதோ போல இருந்தது.

படுக்கை வேப்பிலையை அள்ளிக் கொட்டும்போது தலையணைப் பக்கத்திலிருந்து ஒரு துணி முடிச்சு விழுந்தது. நான் ஓடிப்போய் எடுத்தேன். அத்தையின் சேலைக் கிழிசல். உள்ளே ஐந்து புளியங்கொட்டைகள். ஆசையாகத் தரையில் உருட்டினேன். ஐந்தும் வெள்ளை. மறுபடி உருட்டினேன். ஐந்தும் வெள்ளை. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கறுப்புப் பக்கத்தையும் கல்லில் தேய்த்திருந்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை.

எனக்கு வந்தது கோபம். ஆமாம், கோபம்தான். ஆட்டத்தைக் கெடுத்துவிட்டாள் என்று கோபம். எப்படி உருட்டினாலும் படலைத் திறந்துவிடுகிறவள் என்ன படல்காரி? அவளுக்கென்று ஒரு மனசு வேண்டாமா? சொல்லாமல் போனதும் இல்லாமல் என் ஆளையும் கொன்றுவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தேன். ஐந்தையும் வெந்நீர் அடுப்பில் எறிந்தேன். ஒவ்வொன்றாக வெடித்தன. ஐந்து சத்தத்தையும் எண்ணிவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தேன்.

அத்தை பொள்ளாச்சியில் புருஷன் வீட்டில் முப்பது வருஷம் இருந்தாள். இரண்டு பையன்கள். விசேஷங்களுக்கு வருவாள், முழுக்கை ரவிக்கை போட்டிருப்பாள், அடுப்படியிலேயே நின்றுவிட்டுப் போவாள். வருஷத்துக்கு வருஷம் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நான் கிட்டே போகவே பயந்தேன். மாமன் போய்ச் சேர்ந்த மறு வருஷம், தம்பி பெண்ணின் காதுகுத்துக்கு வந்திருந்தாள். அந்தக் கடலைக்காய் அறையில்தான் வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டு வைத்திருந்தார்கள். உள்ளே நாங்கள் இரண்டு பேர் மட்டும். அத்தை, என் கட்டில் கிடந்த பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பூச்சுப் பூசிய சுவர்.

"அம்மிணி," என்றாள். "அந்தக் கொட்டையை வெச்சிருக்கறயா?"

மாற்றிச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவள். அந்தப் பத்து வயதில் மாற்றிச் சொல்லியிருக்க வேண்டியதை, அன்றைக்குச் சொன்னேன்.

"வெச்சிருக்கறனுங் அத்தை. பத்தரமா இருக்குது."

அவள் முகம் மலர்ந்தது. கட்டிக்கொடுத்த இரண்டு வருஷத்தில் தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய அந்தப் பெண்ணை ஒரு கணம் பார்த்தேன்.

"அதுதான பாத்தேன்," என்றாள். "எப்ப உருட்டுனாலும் தொறந்துதான கெடக்கும்? அங்க படுத்துக் கெடக்கறப்பெல்லாம் அதையே நெனச்சுக்குவேன். எங்கயோ ஒரு படலு எனக்குத் தொறந்து கெடக்குதுன்னு."

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். நான்கு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. வாசலில் வேப்பங்கொத்து எதுவும் இல்லை. நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

"போயிட்டு வர்றேன் அம்மிணி," என்றாள்.